முன்பின் தெரியாதவரிடம் இயேசுவைப் பற்றிப் பேச 400 ரூபாய் வகுப்பு: போகலாமா?

கட்டணம் 400 ரூபாய். சனிக்கிழமை முழுநாள், ஞாயிறு ஆராதனை முடிந்து சாயங்காலம் வரை. இரண்டு நாளும் மதியச் சாப்பாடு, காலையும் மாலையும் டீ, ஒரு பயிற்சிப் புத்தகம், ஒரு துணிப்பை. பைக்குள் கைப்பிரதிக் கட்டு, எழுத்தே இல்லாத வண்ணப் புத்தகம், ஐந்து நிற ரப்பர் கைப்பட்டை, படம் ஒட்டிய மடக்குக் கட்டை. மதுரையில் ஒரு சபையின் அரங்கில் நடந்தது. நடத்தியவர்கள் வெளியூரிலிருந்து வந்த ஊழியக் குழு. பெயர் வேண்டாம், ஏனென்றால் இதே பாடத்தைக் கொஞ்சம் முன்பின் மாற்றி ஆளாளுக்கு நடத்துகிறார்கள். தனியாள் ஊழியம், ஆத்தும ஆதாயப் பயிற்சி, சாட்சி முகாம் என்று நோட்டீஸில் என்ன போட்டிருந்தாலும் உள்ளே போய் உட்கார்ந்தால் முக்கால்வாசி இதுதான் இருக்கும்.

நான் மெடிக்கல் ரெப். காலையில் பையைத் தூக்கினால் ராத்திரி வரை தெரியாதவர்களிடம் பேசுவதுதான் பிழைப்பு. அதனால் பேச்சைத் தொடங்கக் கற்றுக்கொள்ள நான் போகவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற சி.எஸ்.ஐ. குடும்பம் எங்களுடையது. ரயிலில் பக்கத்தில் இருப்பவர் "நீங்க கிறிஸ்டியனா? உங்க சாமி என்ன சொல்லுது?" என்று கேட்டால், பேச்சு நன்றாகத்தான் தொடங்கும். பத்து நிமிடம் கழித்து அவர் இரண்டாவது, மூன்றாவது கேள்வி கேட்கும்போதுதான் வண்டி நின்றுவிடும். அதற்கு வழி கிடைக்குமென்று போனேன். வகுப்பு கடைசி வரை அந்த முதல் பத்து நிமிடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. என் பெரிய குறை இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

சனிக்கிழமை காலை முழுவதும் 'தயக்கத்தை உடைப்பது எப்படி' என்பதற்கே போனது. புன்னகை செய்யுங்கள், வானிலையைப் பற்றிப் பேசுங்கள், அவர் சட்டையைப் பாராட்டுங்கள், மெதுவாக ஆன்மிகத்துக்குத் திருப்புங்கள் என்று திரையில் ஒவ்வொன்றாக வந்தது. யாருக்கு இது? மதுரையில் ஏறி பையை மேலே வைப்பதற்குள் "எதுவரைக்கும் தம்பி?" என்று கேட்டு, திண்டுக்கல் வருவதற்குள் சொந்த ஊர், சம்பளம், பிள்ளைகள் எத்தனை, ஏன் ஒன்றோடு நிறுத்திவிட்டீர்கள் என்பது வரை விசாரித்துவிடுகிற ஜனங்கள் நாம். சாமி பேச்சு இங்கே கூச்சப்படுகிற விஷயமா? நெற்றியில் இருக்கிறது, மணிக்கட்டில் இருக்கிறது, ஆட்டோவின் பின் கண்ணாடியில் 'முருகன் துணை'யும் 'இயேசு ஜீவிக்கிறார்' என்பதும் அடுத்தடுத்த வண்டியில் போகிறது. ஜிப் வைத்த கறுப்பு பைபிள் உறையைக் கையில் வைத்திருந்தாலே போதும், எதிரில் இருப்பவர்தான் முதலில் ஆரம்பிப்பார். மதம் கேட்பது நாகரிகமில்லை என்று நினைக்கிற ஊரில் எழுதிய பாடத்தை அப்படியே தமிழில் ஏற்றியிருக்கிறார்கள், அதுதான் விஷயம்.

அந்த 'இரண்டு கேள்வி' முறையை எடுத்துக்கொள்ளுங்கள், பாடத்தின் நடுத்தூணே அதுதான். முதல் கேள்வி, இன்றிரவு நீங்கள் மரித்தால் பரலோகம் போவீர்கள் என்ற நிச்சயம் உண்டா? இரண்டாவது, ஏன் உன்னை உள்ளே விடவேண்டும் என்று கடவுள் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? இது 1962-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஜேம்ஸ் கென்னடி என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர் தன் சபையில் தொடங்கிய பயிற்சியிலிருந்து வருவது. அங்கே பெரும்பாலும் சபைக்கு ஒருமுறை வந்து போனவர்களின் வீட்டுக்கு, நேரம் ஒதுக்கிப் போய், உட்கார்ந்து பேசிப் பழகிய பிறகு கேட்டார்கள். அந்த இடத்தில் கேள்விக்கு அர்த்தம் இருந்தது. எங்களை அதைக் கொண்டுபோய் சனிக்கிழமை சாயங்காலம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் கேட்கச் சொன்னார்கள்.

எனக்கு ஜோடியாக வந்தது ஒரு இன்ஜினியரிங் மாணவன், நல்ல பையன், நடுங்கிக்கொண்டே வந்தான். திருச்செந்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு குடும்பத்திடம் போனான். வயதானவர், அவர் மனைவி, மருமகள் மடியில் மொட்டை போட வேண்டிய குழந்தை. பையன் மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பித்தான். "ஐயா, இன்னைக்கு ராத்திரி நீங்க மரிச்சுப்போனா எங்க போவீங்கன்னு உங்களுக்கு நிச்சயம் இருக்கா?" பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "திருச்செந்தூர்தான் தம்பி, சீட்டு போட்டாச்சு" என்றார். அவராவது சிரித்தார். அந்த அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "நேர்த்திக்கடனுக்குக் கெளம்புற நேரத்துல என்ன பேச்சுடா இது, வாயக் கழுவு" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். புறப்படுகிற நேரத்தில் எங்கே போகிறாய் என்று கேட்டாலே சகுனம் பார்க்கிற ஊர் இது, இங்கே சாவைப் பற்றிக் கேட்டுப் பேச்சைத் தொடங்கு என்கிறது பாடம். திரும்பி வந்து பயிற்சியாளரிடம் சொன்னோம். "எதிர்ப்பு வரத்தான் செய்யும், பவுலுக்கு வராத எதிர்ப்பா" என்றார். ஐயா, அந்த அம்மா இயேசுவை எதிர்க்கவில்லை, பேரனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தார்.

சரி, பைக்குள் இருந்தவற்றுக்கு வருகிறேன்.

வண்ணப் புத்தகம் எனக்குப் பிடித்த பொருள், அழகான சரித்திரமும் உண்டு. 1866-ல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற போதகர் ஒரு பிரசங்கத்தில் சொன்னபோது அதில் மூன்றே பக்கம்தான், கறுப்பு, சிவப்பு, வெள்ளை. 1875-ல் மூடி (Moody) என்ற அமெரிக்கப் பிரசங்கியார் தங்க நிறத்தைச் சேர்த்தார், பச்சை இன்னும் பிற்பாடு வந்தது. நம்ம டோனாவூர் மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மா இதே நிறங்களில் கொடி வைத்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனவர். படிக்கத் தெரியாதவரிடமும் பேச முடியும், கையில் அடங்கும், வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கெல்லாம் தலைகீழாகத் தெரியும். எல்லாம் சரி. ஆனால் கறுப்பு என்றால் பாவம், வெள்ளை என்றால் சுத்தம் என்று தமிழ்நாட்டில் நின்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா? நாங்கள் போனது கார்த்திகை மாதம். பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் மாலை போட்டுக் கறுப்பு வேட்டியில் நிற்கிறார்கள். நாற்பத்தோரு நாள் விரதம் இருக்கிற மனுஷனிடம் கறுப்புப் பக்கத்தைத் திருப்பிக் காட்டி இது பாவம் என்றால் அவர் என்ன நினைப்பார்? இந்த ஊரில் கறுப்பு பெரியார் தொண்டரின் சட்டை நிறம். அதெல்லாம் போகட்டும், நம்மில் பெரும்பாலானவர்களின் தோல் நிறம் அதுதான், சிவப்பழகு கிரீம் விளம்பரத்தில் பட்டது போதாதென்று சபையிலும் அதே பாடமா. எங்கள் குழுவில் ஒரு அக்கா பூக்கடைக்காரரிடம் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று வரிசையாக வந்ததும் அவர் பூ கட்டுவதை நிறுத்தாமலே, "அண்ணா தி.மு.க.வா அக்கா? ரெட்டை இலை எங்க?" என்று கேட்டார். அக்கா பச்சை அட்டையைக் காட்டியதும் அந்த வரிசைக் கடைகளே சிரித்தன. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் உண்மையான பேச்சு நடந்தது. அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டார், ஒரு முழம் மல்லிகை வாங்கினார், பூக்காரர் தன் மகள் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் படிப்பதைச் சொன்னார். பயிற்சிப் புத்தகத்தில் இப்படி ஒரு காட்சிக்கு இடமே கிடையாது.

கைப்பட்டை இருப்பதிலேயே மோசம். மணிக்கட்டில் போட்டுக்கொண்டு, யாராவது 'இது என்ன' என்று கேட்கும்வரை காத்திருக்க வேண்டுமாம். மதுரையில் மணிக்கட்டில் ஒன்றும் இல்லாதவனைக் கண்டால்தான் கேட்பார்கள். அழகர்கோயில் கயிறு, தர்காவில் மந்திரித்த கயிறு, வேளாங்கண்ணி ஜெபமாலை வளையம் எல்லாம் ஒரே கையில் கிடக்கிறது. யாரும் கேட்கமாட்டார்கள் என்பது சின்னக் குறை. பெரிய குறை வேறு. தென் மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகள் கையில் நிறநிறமாகக் கட்டுகிற கயிறு சாதியைக் காட்டத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்களே, அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில் இந்த வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லியிருக்கிறது. அந்த மாவட்டங்களிலிருந்து வந்த வாலிபர்களிடம் கட்டுக்கட்டாகக் கொடுத்து, 'உங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் போட்டு விடுங்கள்' என்கிறார்கள். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஆசிரியை எழுந்து, "இதை எங்க ஸ்கூலுக்குக் கொண்டுபோனா முதல்ல எந்தச் சாதின்னுதான் கேப்பாங்க" என்றார். மேடையில் அதற்குப் பதில் இல்லை, அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

மடக்குக் கட்டை சிறுபிள்ளைகளுக்கான சாமான். ஒரு பக்கம் திருப்பினால் சிலுவை, இன்னொரு பக்கம் பிரித்தால் திறந்த கல்லறை, கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே கதை சொல்லலாம். நன்றாகவே செய்திருக்கிறார்கள், மூலை பிரியவில்லை, படமும் தெளிவு. ஞாயிறு பள்ளிக்கு வாங்கி வைக்கலாம். பொது இடத்தில் வேண்டாம் என்பேன். தெரியாத வீட்டுப் பிள்ளையைப் படம் காட்டி அருகில் அழைத்து மதம் பேசுவது, அந்தப் பிள்ளையின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சரி என்று தலையாட்டாதவரை, தவறு. நம் பிள்ளையை வேறொருவர் அப்படிக் கூப்பிட்டுப் பேசினால் நாம் சும்மா இருப்போமா? வகுப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை எச்சரிக்கை இல்லை.

கைப்பிரதிகள் கலந்து கட்டி இருந்தன. ஒன்றில் அட்டை முழுக்க நரக நெருப்பு. இன்னொன்றில் 'உங்கள் வியாதி இன்றே நீங்கும்' என்று கொட்டை எழுத்து, பின்னால் ஒரு செல் நம்பர். இந்த இரண்டாவதை அரசு மருத்துவமனை வாசலில் கொடுக்கச் சொன்னபோது நான் வாங்க மறுத்துவிட்டேன். சர்க்கரைக்கும் காசநோய்க்கும் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கிடந்தவர்களை என் வேலையில் பார்த்திருக்கிறேன். காசநோய் மருந்தை ஆறு மாதம் விடாமல் சாப்பிடவேண்டும், பாதியில் விட்டால் திரும்ப வருகிற நோய்க்கு அந்த மருந்து கேட்காமல் போகலாம். ஜெபிக்கிறேன் என்று சொல், தாராளமாகச் சொல், மாத்திரையைப் போட்டுக்கொள் என்பதையும் சேர்த்துச் சொல். அச்சடித்த காகிதம் அந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை. கட்டில் உருப்படியான ஒன்றும் இருந்தது. உள்ளே ஊதாரி மகன் கதை, நாலே பத்தி, அலங்காரம் இல்லை, பின்பக்கம் அடுத்த வருடக் காலண்டர். காலண்டர் இருந்ததால் டீக்கடைக்காரர் கல்லாப்பெட்டிக்கு மேலே செருகிக்கொண்டார். மற்றவை பஜ்ஜி எண்ணெய் ஒற்றப் போயின.

பையில் இல்லாத ஒரு கருவியைப் புத்தகத்தின் கடைசியில் ஒரே பக்கத்தில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டார்கள், பாலப் படம். இந்தப் பக்கம் மனிதன், அந்தப் பக்கம் கடவுள், நடுவே பள்ளம், பள்ளத்துக்குக் குறுக்கே சிலுவை. பேனாவும் ஒரு துண்டுத் தாளும் போதும். அச்சடித்ததைக் கொடுத்தால் வாங்குபவர் கொடுப்பவரின் கம்பெனி எது என்று பார்க்கிறார். எதிரில் ஒருவன் கோடு போட ஆரம்பித்தால் என்ன வரைகிறான் என்று தலை தானாகக் குனிந்து வருகிறது, டாக்டர்களிடம் மருந்து வேலை செய்யும் விதத்தை வரைந்து காட்டிப் பிழைக்கிறவன் சொல்கிறேன். அதைவிட முக்கியம், படம் வரையும்போது அவர் கையில் பேனாவைக் கொடுக்கலாம். "நீங்க எங்க நிக்கிறீங்க, புள்ளி வைங்க" என்றால் சிலர் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் வைக்கிறார்கள், சிலர் பாலத்தின் நடுவில் வைக்கிறார்கள், ஒரு லாரி டிரைவர் பள்ளத்துக்குள்ளேயே வைத்துவிட்டு ஏன் என்று தானே சொல்ல ஆரம்பித்தார்.

இப்போது அந்தப் பத்தாவது நிமிடம். இங்கே யாரிடம் இயேசுவைப் பற்றிப் பேசினாலும் பத்துக்கு எட்டுப் பேர் "இல்லை" என்று சொல்வதில்லை. "ஏசுவும் சாமிதான், நாங்களும் வேளாங்கண்ணிக்குப் போவோம்" என்கிறார்கள். பூஜை அறையில் முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவே இயேசுவின் திரு இருதயப் படம் மாட்டியிருக்கிறார்கள். பயிற்சிப் புத்தகத்தில் பதில்களுக்கு மூன்று கிளை போட்டிருக்கிறது, 'ஆம்', 'இல்லை', 'தெரியாது'. 'எல்லாம் ஒண்ணுதான்' என்கிற நம்மூர்ப் பதில் எந்தக் கிளையிலும் இல்லை. கேட்டால் யோவான் 14:6-ஐ, அதாவது 'நானே வழி, என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்' என்று இயேசு சொன்னதை, சொல்லுங்கள் என்கிறார்கள். சொல்லலாம், அந்த வசனத்தை நானும் நம்புகிறவன்தான். ஆனால் ஒருவர் நட்போடு கை நீட்டும்போது வாயைத் திறந்ததும் அதை எடுத்து வீசினால் பேச்சு அங்கேயே முடிந்தது. வைகை எக்ஸ்பிரஸில் ஒரு அம்மா இதையே சொன்னபோது, "வேளாங்கண்ணியில என்னம்மா வேண்டிக்கிட்டீங்க?" என்று மட்டும் கேட்டேன். மகளுக்குக் குழந்தை தங்காமல் போனது, மொட்டை போட்டது, கடற்கரையிலிருந்து கோயில் வரை முழங்காலால் போனது, கடைசியில் குழந்தை பிறக்காமலே மாப்பிள்ளை விட்டுவிட்டுப் போனது வரை சொன்னார். "கேட்டது குடுக்கலையே, அப்புறமும் ஏன் தம்பி போகத் தோணுது?" என்று அவரே என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், திருச்சி வரை போதவில்லை. இந்த மாதிரிக் கேள்வியை எப்படித் தாங்கி நிற்பது என்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் 400 ரூபாய் என்ன, 1,000 ரூபாய்கூடக் கொடுக்கலாம்.

அடுத்தது, "எவ்வளவு தர்றாங்க?" என்ற கேள்வி. கேலியாகவும் கேட்பார்கள், நிஜமாகவும் கேட்பார்கள். அதையாவது சிரித்துச் சமாளிக்கலாம். சாதிக் கேள்வியை முடியாது. கீழவாசல் பக்கம் ஒரு பெயின்டர், நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாறினா எம்புள்ளைக்கு எஸ்.சி. சர்டிபிகேட் போயிரும்ல?" என்றார். போகும். 1950-ம் வருட ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை இந்துக்களுக்கு மட்டும்தான் இருந்தது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் அப்படி மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு வருவார்கள். கல்வியும் வேலையும் சம்பந்தப்பட்ட விஷயம், ஒருவர் அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். அவர் அதோடு விடவில்லை. "உங்க கல்லறையிலயே சுவர் வெச்சிருக்காங்களாமே?" என்றார். சில ஊர்களில் இருக்கிறது, அதையும் மறைக்க முடியாது. எங்கள் குழுவின் மூத்தவர், "கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை" என்று ஒரு வரியில் முடித்தார். பெயின்டர் தலையை ஆட்டிவிட்டு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் வகுப்பில் சாதி என்ற சொல் மேடையில் ஒருமுறைகூட வரவில்லை. தமிழ்நாட்டில் விசுவாசத்தைப் பற்றித் தெரியாதவரிடம் பேசப் பயிற்சி கொடுக்கிறவர்கள் இதைத் தொடாமல் எப்படி விடுகிறார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

சட்டத்தையும் தொடவில்லை. அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அது அடுத்தவரை மதம் மாற்றுகிற உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தை 2004-ல் திரும்பப் பெற்றார்கள். ஒடிசா, மத்தியப் பிரதேசம் மாதிரி மாநிலங்களில் 1960-களிலிருந்தே சட்டம் இருக்கிறது. வடக்கே வேலைக்குப் போகிற வாலிபர்கள் அந்த அரங்கில் இருந்தார்கள், அவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் கேட்டதற்கு "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று பதில் வந்தது.

குறையாகவே அடுக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம், ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் இருந்தது, அதற்காகவே போய் வரலாம். ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் அம்மா எடுத்தார்கள். ஒலிபெருக்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை எதிரெதிரே போடச் சொன்னார்கள். ஒரு பையனை உட்கார வைத்துவிட்டு, தன் நாற்காலியைத் தூக்கி அவன் பக்கவாட்டில், இருவரும் ஒரே திசையைப் பார்க்கிற மாதிரி போட்டுக்கொண்டார்கள். "எதிர்ல உக்காந்தா விசாரணை, பக்கத்துல உக்காந்தா துணை" என்றார்கள். அப்புறம் எல்லோரும் தங்கள் சாட்சியை, அதாவது கர்த்தர் தங்கள் வாழ்க்கையில் செய்ததை, மூன்று நிமிடத்துக்குள் ஜோடியிடம் சொல்ல வேண்டும். கேட்பவர் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும், கேள்வி வரவில்லையென்றால் திரும்பச் சொல்ல வேண்டும். மேடைப் பிரசங்கம் மாதிரி இழுத்தவர்களுக்குக் கேள்வியே வரவில்லை. எனக்கு எதிரே, இல்லை, பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர், குடியை விட்ட முதல் வாரம் கை நடுங்கி ஆட்டோ சாவியைக்கூடப் போட முடியாமல் மனைவிதான் போட்டுத் தந்தார் என்று ஒரே ஒரு விஷயம் சொன்னார். என்னிடமிருந்து கேள்வி மேல் கேள்வி வந்தது. அந்த அம்மா, "உங்க வாழ்க்கையில கர்த்தர் செஞ்சது எல்லாத்தையும் சொல்லாதீங்க, சாவி மாதிரி ஒண்ணைச் சொல்லுங்க" என்றார்கள். கையேட்டில் இந்த வகுப்புக்கு அரைப் பக்கம்கூட ஒதுக்கவில்லை.

சாயங்காலம் படிவம் கொடுத்தார்கள். எத்தனை கைப்பிரதி கொடுத்தீர்கள், எத்தனை பேரிடம் பேசினீர்கள், எத்தனை பேர் இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள், அவர்கள் பெயர், செல் நம்பர். தினமும் ராத்திரி நான் கம்பெனிக்கு அனுப்புகிற ரிப்போர்ட்டுக்கும் இதற்கும் தலைப்புதான் வித்தியாசம். அந்த ரிப்போர்ட்டில் எண்கள் எப்படி ஏறும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். சும்மா மரியாதைக்குக் கண்மூடி நின்றவரும் 'ஒப்புக்கொடுத்தவர்' கணக்கில் சேர்ந்தார். நம்பர் கொடுத்தவர்களுக்கு அடுத்த நாளிலிருந்து தினம் காலை வாட்ஸ்அப்பில் வசனப் படம் வரத் தொடங்கியிருக்கிறது. பூக்கடைக்காரர் அந்த அக்காவைக் கூப்பிட்டு, "உங்கள நம்பித்தானக்கா குடுத்தேன்" என்று கேட்டிருக்கிறார். நம்பர் வாங்கும்போது எதற்கு என்று சொல்ல வேண்டும், இது சாதாரண நாணயம்.

இதையெல்லாம் பார்த்தபோது தரங்கம்பாடி சீகன்பால்க் ஐயர் நினைவுக்கு வந்தார். 1706-ல் ஜெர்மனியிலிருந்து மிஷனரியாக வந்து இறங்கியவர், தமிழ் கற்றுக்கொண்டு, 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தவர். அவர் செய்த இன்னொரு காரியம் அதிகம் பேசப்படுவதில்லை. 1712-லிருந்து இரண்டு வருடம், தமிழ் இந்துக்களுக்குக் கடிதத்தில் கேள்வி அனுப்பினார்: உங்கள் தெய்வங்கள் யார், எதைப் பாவம் என்கிறீர்கள், எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள். வந்த பதில்களை மொழிபெயர்த்து ஜெர்மனியில் ஹாலேவுக்கு அனுப்பினார், அங்கே அச்சில் வந்தது. அந்தப் பதில்களில் வெள்ளைக்காரக் கிறிஸ்தவர்களின் குடியையும் அசுத்தத்தையும் கடுமையாக விமர்சித்து எழுதியவர்கள் உண்டு, அதையும் சேர்த்தே அனுப்பினார். மதம் மாற்ற வந்தவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் கேட்டார். முந்நூறு வருடம் முன்னால் நம் கடற்கரையிலேயே இப்படி ஒருவர் இருந்திருக்க, ஃப்ளோரிடா கேள்வியைப் பாதி வகுப்புக்கு மனப்பாடம் செய்கிறோம்.

யாருக்குப் பயன்படும் என்று கேட்டால், வாயே திறக்க வராத, நாலு பேர் முன்னால் வியர்த்துக் கொட்டுகிற காலேஜ் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் துணிச்சல் கொடுக்கும். என் ஜோடிப் பையன் இரண்டாம் நாள் தலை நிமிர்ந்துதான் பேசினான். பல வருடம் ஊழியத்தில் இருக்கிறவர்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. மாற்று மதத்து நண்பர்களோடு தினம் பழகி வாழ்கிறவர்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலானவர்களுக்கு, நர்ஸ் அம்மா வகுப்பு மட்டும் போதும்.

சாப்பாடு சனிக்கிழமை சாம்பார் சாதம், தயிர் சாதம், சுமார். ஞாயிறு மட்டன் குழம்பு, அதில் குறையே இல்லை, இரண்டாம் முறை கேட்டும் கொடுத்தார்கள். அரங்கில் மின்விசிறி பின்வரிசைக்கு எட்டாது, முன்னால் இடம் பிடியுங்கள். பையை மட்டும் தனியாகத் தருவார்களா என்று வாசலில் கேட்டேன், 180 ரூபாய் என்றார்கள். வாங்குவதாக இருந்தால் வண்ணப் புத்தகம், காலண்டர் போட்ட கைப்பிரதி இரண்டையும் வைத்துக்கொண்டு கைப்பட்டைகளை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஞாயிறு மதிய வகுப்புக்கு மட்டும் வர முடியுமா என்றும் கேட்டுப் பார்த்தேன், முழுக் கட்டணம் கட்டினால் வரலாமாம்.